காசியம்மாவின் வயலில் உப்பு இல்லை

1

இந்தக் கதை என் நாக்கில் தொடங்கியது. வேறு எங்காவது தொடங்கியதாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஒரு கனவு, ரயில் பெட்டியில் காதில் விழுந்த ஒரு பேச்சு, பூட்டிக் கிடக்கும் ஓர் அறை. நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் கதைகள் அப்படித்தான் பிறக்கின்றன. என்னுடையது ஒரு சிட்டிகை மண்ணில் பிறந்தது. காசியம்மா அதை வயலிலிருந்து கிள்ளி, விரல்நுனியில் ஏந்தி, என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"நக்கிப் பாரு பாப்பா. மிசினு பொய் சொல்லும். நாக்கு சொல்லாது."

"மண்ணையாக்கா?"

"பின்ன, அல்வாவா? நாங்க நக்கிப் பாக்காத மண்ணா? செத்தா போயிட்டோம்?"

நக்கினேன். பச்சைத் தண்ணீர் நின்று காய்ந்த மண்ணின் ருசி. கொஞ்சம் வேர், கொஞ்சம் துரு.

"கரிக்குதா?"

"இல்லக்கா."

அவள் சிரித்தாள். உப்பை அளக்கும் மீட்டரும் அதையேதான் காட்டியது. என் கையிலிருந்த டேப்லெட்டில் 'உப்பு' என்ற கட்டத்துக்கு எதிரே 'இல்லை' என்று தொட்டேன். நான் பொய் சொல்லவில்லை. மீட்டர் பொய் சொல்லவில்லை. நாக்கும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அது உண்மையில்லை. இந்த நாலு வாக்கியங்களையும் ஒரே வயலில் நிற்க வைக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் டேப்லெட்டோடு வயலில் நிற்கும் இந்தப் பெண் ஏதோ அதிகாரி என்று நினைத்துவிடுவீர்கள். என் பெயர் இளவேனில். காரைக்கால்தான். இந்தக் கோடை முடிந்ததும் ஓர் ஒப்பந்த வேலை கிடைத்தது. கடலோர வயல்களில் எவை உப்பேறிவிட்டன என்று கணக்கெடுக்கும் வேலை. மண்ணெடுத்து, பாட்டிலில் நல்ல தண்ணீரோடு குலுக்கி, மீட்டரை நுழைத்து, வருவதைப் பதிய வேண்டும். அவ்வளவுதான். உண்டு, இல்லை என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு எழுதும் எழுத்தாளரைப் போல ஒரு வேலை.

அந்த இரண்டு சொற்களும் என்ன செய்யும் என்பதைக் கணக்கெடுப்பு பாதி முடிந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

'உண்டு' என்றால் அந்த வயல் நெல் நிலத்திலிருந்து நீக்கப்படும். கரைக்காப்பு என்ற பெயரில் அங்கே உப்புநீரில் வளரும் அலையாத்தி மரங்களை வைப்பார்கள். அதன் பிறகு யாரும் அங்கே ஏர் இறக்க முடியாது. இழப்பீடு, பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகும்.

'இல்லை' என்றால் வயல் வயலாகவே இருக்கும். ஆனால் கடல்நீர் ஏறிவரும் வடிகாலில் மதகு கட்ட மாட்டார்கள். உப்பே இல்லாத இடத்துக்கு மதகு எதற்கு?

காசியம்மாவின் வயலில் பட்டா காசியம்மாவின் பெயரில் இல்லை.

3

நான் எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள் இவை:

[அந்த ஆண்டு வரிச்சிக்குடியில் பனி பெய்தது. வயல்கள் விடியும்போது வெண்மையாக—]

இதை அடித்துவிட்டேன். வயலில் பூத்த உப்பை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பனிதான் நினைவுக்கு வந்தது. நான் பனியைப் பார்த்ததே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. பார்க்காத ஒன்றைச் சொல்லி, பார்த்த ஒன்றை மறைப்பதா? காசியம்மாவிடம் சொன்னபோது அவள் கேட்டாள்: "பனியா? மார்கழியில பேயுமே, அதுவா? அது வெயிலு வந்தா போயிடும்ல."

[காவிரிக்கு நாங்கள் கடைமடை; கடலுக்கு முதல்மடை.]

இது நன்றாகத்தான் இருக்கிறது. அதனாலேயே பயமாக இருக்கிறது. மேடையில் யாராவது பேசிக் கைதட்டு வாங்கிவிட்டு வேனில் ஏறிப் போய்விடக்கூடிய வாக்கியம்.

[புல வரைபடத்தில் கடல் இருக்கும் இடத்தில் எதுவும் எழுதியிருக்காது.]

இதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். எங்களுக்குக் கொடுத்த வரைபடத்தில் வயலுக்கு எண் உண்டு, வாய்க்காலுக்குக் கோடு உண்டு, சுடுகாட்டுக்குக்கூட ஒரு குறி உண்டு. கிழக்கே ஒரு கோட்டுக்கு அப்பால் வெறும் வெள்ளைத் தாள். முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. இப்போது அந்த வெள்ளை கோட்டுக்கு இந்தப் பக்கம் கசிந்து வருவதுபோலத் தெரிகிறது. எண்களுக்கு நடுவில் ஏறுகிறது. வரைபடத்தை மடித்து, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

4

காசியம்மாவின் வயல் வரிச்சிக்குடிக்குக் கிழக்கே, வடிகாலை ஒட்டி இருக்கிறது. பட்டாதாரர் தெட்சிணாமூர்த்தி இளம் வயதிலேயே பிரான்சுக்குப் போய் அங்கேயே குடியுரிமை பெற்றவர். ஊரில் அவருக்காக நிலத்தைப் பார்த்துக்கொள்பவர் மைத்துனர் சிவராமன், ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர். காசியம்மாவின் கணவர் கருப்பையன் குத்தகைக்கு உழுதார். அறுத்ததும் குத்தகை நெல்லை அளந்துவிடுவார். கையெழுத்து, காகிதம் எதுவும் கிடையாது. கருப்பையன் இறந்து காரியம் முடிந்த அன்று, பந்தல் பிரிப்பதற்குள் சிவராமன் காசியம்மாவிடம் சொன்னாராம்:

"நீயே பாத்துக்க, காசியம்மா."

அவளுடைய உரிமை முழுவதும் இந்த மூன்று சொற்கள்தான். அதற்கு மேல் அவளிடம் வேறொன்றும் இல்லை. அவள் நிற்கும் நிலம் ஒரு வாக்கியத்தின் மேல் இருக்கிறது. அதைச் சொன்னவர் மறந்துவிட்டால், மறுத்துவிட்டால், செத்துவிட்டால்?

நானும் வாக்கியங்களின் மேல்தான் நிற்கிறேன். ஆனால் என் வாக்கியம் சரிந்தால் அடுத்ததை எழுதிக்கொள்ளலாம்.*

* முதல் வரைவில் இந்த இடத்தில் காசியம்மாவின் முகத்தை வர்ணித்து ஒரு பத்தி இருந்தது. சுருக்கங்கள், வெற்றிலைக் காவி, கண்ணில் ஓர் ஒளி. எடுத்துவிட்டேன். அவள் வெற்றிலை போடுவதில்லை. அந்த ஒளி நான் படித்த ஏதோ ஒரு குளிர்நாட்டுக் கிழவியின் கண்ணிலிருந்து வந்தது. காசியம்மா கிழவியும் இல்லை.

5

முதல் பதிவு போன அன்று மாலையே சஃபியுல்லா அண்ணன் அழைத்தார். எங்கள் குழுவின் மேற்பார்வையாளர் அவர். பதிவுகள் எல்லாம் அவர் திரையில் வண்ணங்களாகத் தெரியும். உப்பு உண்டு என்றால் சிவப்பு, இல்லை என்றால் பச்சை.

"இளவேனில், வடிகாலு ஓரம் பூரா செவப்பு. நடுவுல ஒண்ணே ஒண்ணு பச்சையா நிக்குது. பொக்கை வாயில ஒத்தப் பல்லு மாதிரி."

"மீட்டர்ல வந்ததத்தாண்ணே போட்டேன்."

"நீ போட்டது சரிதாம்மா. பல்லு எப்படி நிக்குதுன்னு மேல இருக்கிறவன் கேப்பான்ல? பதிவத் திருப்பி அனுப்பிட்டேன், உங்கிட்ட வரைவா கெடக்கும். மறுபடி போயி மண்ணெடு. இந்தத் தடவ நல்லா ஆழமா."

"ஒரு சாண் ஆழம்னுதானே விதியில இருக்கு?"

"விதிய மண்ணு படிச்சிருக்கா?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இந்தா பாரு, யாரு வயித்துலயும் அடிக்கணும்னு எனக்கு ஆசையில்ல. ஆனா பொய்யா ஒண்ணு போட்டு, நாளைக்கு அந்தத் தண்ணியில யாருக்காச்சும் எதாச்சும் ஆனா, அல்லா முன்னாடி நான்தான் நிக்கணும். நீயும் நிப்ப."

போனை வைத்த பிறகும் அந்த 'நீயும்' அறையிலேயே இருந்தது.

6

மறுநாள் காலை காசியம்மாவின் வீட்டுக்குப் போனேன். வயலுக்குக் கூட்டிப்போகத்தான். அவள் கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு முருங்கை. நல்ல கனத்த மரம். இலை ஒன்றுகூட இல்லை. கிளைகள் சாம்பல் நிறத்தில் விறைத்து நின்றன. அடியில் மண் குவிந்திருந்தது. காய்ந்து, ஓரங்களில் வெள்ளை பூத்திருந்தது.

"மரத்துக்கு என்னக்கா ஆச்சு?"

"பூச்சி."

"பூச்சியா?"

பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "நீ மோப்பம் புடிக்கத்தான் வந்தியா?"

பிறகு அவளே சொன்னாள். அளக்க ஆள் வருகிறது என்று பஞ்சாயத்தில் சொன்ன அன்றே அவள் மண்வெட்டியோடு வயலுக்குப் போயிருக்கிறாள். மேலே பூத்திருந்ததைச் சுரண்டிச் சுரண்டிக் கூடையில் அள்ளி, தலையில் தூக்கிக்கொண்டு வந்து கொல்லையில் கொட்டியிருக்கிறாள். அதன் பிறகு வாய்க்காலில் கடைசியாக வந்த காவிரித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து, வரப்போரம் முழுக்கத் தெளித்திருக்கிறாள். நாங்கள் மண்ணெடுத்தது அந்த இடத்தில்தான். நான் நக்கியதும் அந்த மண்ணைத்தான்.

"எதுக்குக்கா அப்படிப் பண்ணீங்க?"

"எதுக்கா? நாலு பேரு வர்றாங்கன்னா வாசலக் கூட்டாம வுடுவாங்களா? மூஞ்சில சுண்ணாம்ப அடிச்ச மாதிரி கெடக்குது வயலு. அத அப்படியே காட்டச் சொல்றியா? அந்த மனுசன் வெச்சிட்டுப் போன நெலத்த நான் இப்படியா வெச்சிருக்கேன்னு பேச மாட்டாங்க?"

வயல் என்றால் அவளுக்கு வாசல். நாங்கள் விருந்தாளிகள். உப்பைத் தேடித்தான் வருகிறோம் என்று நாங்கள் சொல்லியிருக்கிறோம்; வீட்டின் அழுக்கைத் தேடி விருந்தாளி வருவான் என்பதை யார் நம்புவார்கள்?

அப்போது கேட்டேன்: "உப்பு இருந்தா வயலே போயிடும்னு உங்களுக்கு அப்ப தெரியுமா?"

இந்த இடத்தில் கதை என் கையை விட்டுப் போகிறது. அவளுடைய பதிலை எழுதி எழுதிப் பார்த்தேன்.

[“தெரியாது பாப்பா. இப்ப நீ சொல்லித்தான் தெரியும்.”]

இப்படி எழுதினால் அவள் வெள்ளந்தி. அவளுக்காக நீங்கள் உச்சுக்கொட்டலாம், நானும் கொட்டலாம்.

[“தெரியாம? இத்தினி வருசம் நெல்லு அளந்தவளுக்கு நெலம் போற வழி தெரியாதா?”]

இப்படி எழுதினால் அவள் கெட்டிக்காரி. என்னையும் மீட்டரையும் ஏய்த்தவள்.

உண்மையில் அவள் செய்தது இதுதான். எழுந்து போய் முருங்கையின் ஒரு கிளையைப் பிடித்து ஒடித்தாள். அது சத்தமில்லாமல் உடைந்தது. உள்ளே சாறு இல்லை. அதை அடுப்பங்கரை ஓரமாகப் போட்டுவிட்டு, "வா, போவலாம்" என்றாள்.

7

வில்லன் வேண்டும் என்று நினைத்தேன். கதைக்கு அது வசதி. சிவராமனை எடுத்துக்கொண்டேன்.

[சிவராமன் யாரும் பார்க்காத நேரத்தில் வடிகாலின் கரையை வெட்டி, கடல்நீரைக் காசியம்மாவின் வயலுக்குள் திருப்பி—]

அவர் அப்படிச் செய்யவில்லை. செய்ய வேண்டிய தேவையும் இல்லை, கடலே செய்துகொண்டிருக்கிறது. வயலுக்குப் போகும் வழியில், பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தோம். ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். காசியம்மா கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

"நீதானேம்மா அந்த உப்புப் பாக்குற பொண்ணு?"

"ஆமா சார்."

"உண்டுன்னு போட்டுடு." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார். "இரு, இரு. ஊரு என்ன சொல்லும்னு எனக்குத் தெரியும். மச்சானுக்குப் பணம் வாங்கிக் குடுக்க ஒரு பொம்பளையக் கெளப்புறான்னு சொல்லும். சொல்லட்டும். போன மழையில தண்ணி ஏறுனப்ப இந்தம்மா எங்க நின்னுச்சு கேளு. எது வரப்பு எது வாய்க்கான்னு தெரியாம இடுப்பளவுத் தண்ணியில நின்னுச்சு. நான்தான் கயித்த வீசி இழுத்தேன். எனக்கு நீச்சல் தெரியாதும்மா. அடுத்த தடவ யாரு இழுப்பா?"

"நாத்து அடிச்சுக்கிட்டுப் போச்சுங்கய்யா, அதப் புடிக்கத்தான் எறங்குனேன்" என்றாள் காசியம்மா, தள்ளி நின்றபடியே.

"கேட்டியா? நாத்தப் புடிக்குதாம். கடல்ல போற நாத்த!"

அவர் குரலில் இருந்தது பயம்தான். இரண்டு நாளாக நான் வேறெதையும் கேட்கவில்லை. அதனால் அது அடையாளம் தெரிந்தது.

"அப்ப இழப்பீட்ட அவங்களுக்கே வாங்கிக் குடுத்துடலாமே சார்? இத்தனை வருசம் உழுதது அவங்கதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

சிவராமன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். முகம் மறைந்தது. "பட்டா மச்சான் பேர்ல இருக்குதும்மா. அவரத்தான் கேக்கணும்." ஸ்கூட்டர் கிளம்பிப் போன பிறகு காசியம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"நல்ல மனுசன்தான்" என்றாள். "கயிறு வீசுவாரு. கையெழுத்துத்தான் போட மாட்டாரு."

8

இனி வருவதை நான் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது என்பதால் இது பயங்கரமாகத் தெரிகிறதா, பயங்கரமாக இருந்ததால் எனக்குப் பயமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

நல்ல வெயில். பௌர்ணமி நெருங்கிய நாள். காற்று அறவே இல்லை. மழை பெய்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது. வயலின் நடுவே, அவள் சுரண்டாத இடத்தில், குழி தோண்டினேன். காசியம்மா வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"கெணறா வெட்டுற? தண்ணி வந்தா எனக்கும் ஒரு கொடம்."

வந்தது. முழங்கை ஆழம் போனதும் குழியின் அடியில் தண்ணீர் சுரந்தது. ஊற்றுபோல ஓர் இடத்திலிருந்து அல்ல. எல்லாப் பக்கமும் வியர்ப்பதுபோல. அந்தச் சேற்றைப் பாட்டிலில் அள்ளி மூடினேன். நிமிர்ந்தபோது வடிகாலில் ஒரு தேங்காய் மட்டை மிதந்து போவதைப் பார்த்தேன்.

"அக்கா, மட்டை எந்தப் பக்கம் போவுது?"

"மேக்கால."

வடிகால் கிழக்கே ஓடிக் கடலில் கலப்பது. வடிகால் என்ற பெயரே அதற்காகத்தான். மட்டை நிதானமாக, அவசரமே இல்லாமல், ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் நுரை. தண்ணீர் கரையில் ஒரு விரற்கடை ஏறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று.

புயல் என்றால் எங்களுக்குத் தெரியும். கூண்டு ஏற்றுவார்கள், பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுவார்கள், காற்று ஊளையிடும். பயப்படுவதற்கு ஒரு சத்தமாவது வேண்டும். இங்கே சத்தமே இல்லை. தூரத்தில் காரைக்கால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. யாரோ ஸ்கூட்டரில் பால்கேனோடு போனார்கள். நீல வானத்தின் கீழே கடல் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது.

பிறகு என் காலடியில் ஏதோ குமிழியிட்டது. நண்டு வளை. அதிலிருந்து தண்ணீர் எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொரு வளை, அப்புறம் இன்னொன்று. வரப்பைத் தாண்டி வரவில்லை அது. கீழேயிருந்து வந்தது. நான் தோண்டிய குழி விளிம்புவரை நிறைந்து, வெயிலில் பளபளத்தது.

காசியம்மா எழுந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குதிகாலால் ஒரு வளையை மிதித்து அடைத்தாள். நகர்ந்து அடுத்ததை மிதித்தாள். அவள் அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று குமிழியிட்டது. அவள் அங்கே போனாள். வயல் முழுக்க இப்படியே. தரையில் அப்பிய எதையோ தேய்த்து அழிப்பவள்போல.

"அக்கா, வந்துடுங்க."

"ஆபீசருங்களுக்கு முன்னாடி இது வந்து ஒக்காந்துடுச்சு பாரு" என்றாள் மூச்சு வாங்க. "கூப்புடாமயே வர்ற விருந்தாளிக்கு நான் என்ன காபியா போட்டு வெப்பேன்?"

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கரைக்கு ஓடினேன். ஓடியது எனக்கே பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் பார்த்தபோது அவள் கணுக்கால் தண்ணீரில், மிதித்துக்கொண்டேதான் இருந்தாள்.

9

பாட்டில் இப்போது என் மேசையில் இருக்கிறது. சேறு அடியில் படிந்துவிட்டது; மேலே தெளிந்த நீர். மீட்டர் பக்கத்திலேயே கிடக்கிறது. நுழைக்கவில்லை. கை நடுங்கியது என்று எழுதலாம். நடுங்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரிந்ததை எந்தச் சொல்லால் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

கதை நாக்கில் தொடங்கியது என்றேனே, அது பாதிதான். டேப்லெட்டில் கடைசியாக 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே நான் எழுதத் தொடங்கினேன்: 'இந்த வயலை உழுபவர் காசியம்மா. கணவர் கருப்பையனுக்குப் பிறகு, வாய்மொழிக் குத்தகையில்—' அதோடு கட்டம் நிறைந்துவிட்டது. அதற்கு மேல் ஓர் எழுத்தைக்கூட அது வாங்கவில்லை. "அத யாரும்மா படிக்கிறா?" என்றார் சஃபியுல்லா அண்ணன். அந்தக் கட்டத்திலிருந்து வழிந்ததுதான் இங்கே இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறது.

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. 'உண்டு' என்று தொடுகிறேன். வயல் சிவப்பாகிறது. வரிசையில் எல்லாம் ஒரே நிறம்; பல் விழுந்துவிட்டது. பணம் பிரான்சுக்குப் போகிறது. அலையாத்திக் கன்றுகள் நடுகிறார்கள். நடுவதற்குக் கூலி ஆட்கள் வேண்டுமே, காசியம்மா வருகிறாள். தன் வயலில், தன் கணவன் வெட்டிய வரப்பின் மேல் நின்று, யாரோ கொடுத்த கன்றை ஊன்றுகிறாள். சாயங்காலம் கூலியை வாங்கிக்கொண்டு—

[இங்கே நிறுத்தினேன். அவள் அந்தக் கூலியை என்ன செய்வாள் என்று என்னால் யோசிக்க முடியவில்லை.]

இரண்டாம் முடிவு. பாட்டிலைச் சாக்கடையில் கொட்டிவிட்டு 'இல்லை' என்றே தொடுகிறேன். வயல் பச்சை. காசியம்மா நாற்று விடுகிறாள். மதகு வரவில்லை. சிவராமன் அன்று ஏதோ வேலையாகப் புதுச்சேரி போயிருக்கிறார். ஐப்பசியில் ஒரு மதியம், காற்றே இல்லாமல், தண்ணீர் வரப்பை மூடுகிறது. காசியம்மா மிதந்து போகும் ஒரு நாற்றுக் கட்டைப் பிடிக்க—

[இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன். முடித்தால் நடந்துவிடும் என்று தோன்றுகிறது. இப்படி நினைப்பது சிறுபிள்ளைத்தனம் என்று தெரியும். இருந்தாலும் மாட்டேன்.]

மூன்றாம் முடிவு. உப்பு உண்டு என்று பதிகிறேன். இழப்பீட்டு விசாரணையன்று சிவராமன் அலுவலகத்துக்கு வருகிறார், ஹெல்மெட்டைக் கழற்றுகிறார், எல்லோர் முன்பும் சொல்கிறார்: 'நீயே பாத்துக்கன்னு நான்தான் சொன்னேன். உழுதது இந்தம்மாதான்.' இழப்பீடு காசியம்மாவுக்கு வருகிறது. சுரக்குடிப் பக்கம், கடல் எட்டாத மேட்டில், அவள் ஒரு துண்டு நிலம் பிடிக்கிறாள். இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதை எழுதும்போது மட்டும்தான் பயமில்லாமல் இருந்தேன். அதனால்தான் அதை நம்பவில்லை. சிவராமனிடம் போய்க் கேட்டுவிட்டும் வந்தேன். "பாக்கலாம்மா" என்றார். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

10

இதுவரை எழுதி முடித்தபோது போன் அடித்தது. காசியம்மா. நான் அவளை வரப்பில் நிற்க வைத்துவிட்டு முடிவுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்; அவள் அங்கே நிற்கவில்லை.

"பாப்பா, வெதைய ஊறப் போட்டுட்டேன்."

"அய்யோ அக்கா! நான் இன்னும் எதுவுமே பதியலையே!"

"நீ எழுதுறத எழுது. வெதைக்கு அதெல்லாம் தெரியுமா? புரட்டாசி வந்துடுச்சுல்ல."

"ஆனா அந்த வயல்ல... அன்னைக்கு நீங்களே பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்." பின்னணியில் கோழி ஒன்று கேறியது. "இந்தா பாரு. நாளைக்கு வடிச்சு மூட்டையில கட்டுவேன். மறுநா மொளை வுட்டுடும். மொளைச்ச வெதைய வூட்டுக்குள்ள வெச்சுக்க முடியாது, அழுவிப் போயிடும். எங்கயாச்சும் எறக்கித்தான் ஆவணும். எங்க எறக்கறதுன்னு மட்டும் சொல்லு."

"நான் எப்படிக்கா சொல்றது?"

"நீதானே மிசின வெச்சிருக்க?" என்றாள். கோபமாக இல்லை. "எனக்குப் பயமா இருக்கு பாப்பா."

இதை நான் எழுதவில்லை. இத்தனை பக்கங்களில் அவள் வாயில் நான் ஒருமுறைகூட வைக்காத வாக்கியம் அது. பயம் எனக்கு, சிவராமனுக்கு, சஃபியுல்லா அண்ணனுக்கு என்று பங்கு பிரித்துக் கொடுத்திருந்தேன். அவளுக்கு வேடிக்கைப் பேச்சை மட்டும் கொடுத்திருந்தேன். நண்டு வளைகளை மிதித்துக்கொண்டிருந்தபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

இணைப்பு அறுந்துவிட்டது. காசில்லாமல் போயிருக்கும், அல்லது அவளே வைத்திருப்பாள்.

11

நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் இந்த நாற்காலியில் உட்காருங்கள். பாட்டில் உங்களுக்கு வலது கைப்பக்கம். நக்கிப் பார்க்க வேண்டுமென்றால் பாருங்கள், எனக்குத் தைரியமில்லை. டேப்லெட் திறந்தே இருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தொடலாம். தொட்டுவிட்டு அடுத்த கதைக்குப் போகலாம். ஆனால் தொடுவதற்கு முன் ஒரே ஒரு போன் செய்ய வேண்டியிருக்கும். வரிச்சிக்குடியில் ஒருத்தி எடுப்பாள். மூட்டையை எங்கே இறக்குவது என்று கேட்பாள். அவளுக்கு உங்கள் வாயால் ஓர் இடம் சொல்லுங்கள்.

அதிகம் யோசிக்க நேரமில்லை. தண்ணீரில் நெல் உப்ப ஆரம்பித்திருக்கும்.

வரிச்சிக்குடிக்குக் கிழக்கே, வடிகால் ஓர வயல்.

பட்டாதாரர்: தெட்சிணாமூர்த்தி.

உப்பு: